படமும் டிசைனும் எங்கே வைப்பது? சிறு நிறுவனங்களுக்கான ஆறு வழிகள், ஓர் ஒப்பீடு

"லோகோவோட ஒரிஜினல் ஃபைல் யார்கிட்ட இருக்கு?" சிறு நிறுவனங்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. போன தீபாவளிக்கு எடுத்த படங்கள், பெட்டிக்கான லேபிள் டிசைன், அமேசானுக்கு அனுப்பிய வெள்ளைப் பின்னணிப் படம், இன்ஸ்டாகிராமுக்கு வெட்டிய வீடியோ எல்லாமே எங்கேயோ இருக்கும். கேட்ட நேரத்தில்தான் கிடைக்காது.

இதற்கென்றே டிஜிட்டல் சொத்து மேலாண்மை என்று ஒரு மென்பொருள் வகை உண்டு. சுருக்கமாக டிஏஎம். படம், வீடியோ, டிசைன் ஃபைல்களை ஓரிடத்தில் சேர்த்து வைக்கும். குறிச்சொல்லால் தேடித் தரும். யார் எதைப் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்தும். கேட்ட அளவில் எடுத்துக் கொடுக்கும். வாசகர்கள் தடுமாறும் இடம் இதுதான்: கூகுள் டிரைவே போதுமா, ஆபீசில் ஒரு நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) வாங்கி வைக்கலாமா, இல்லை மாதச் சந்தா கட்டி முழு டிஏஎம் மென்பொருளே எடுத்துவிடலாமா?

3 பேரிலிருந்து 25 பேர் வரை வேலை செய்யும் இடங்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். திருப்பூரில் சொந்த பிராண்டில் பனியன் விற்பவர், இளம்பிள்ளையிலிருந்து இணையத்தில் சேலை விற்பவர், சிவகாசியில் காலண்டரும் லேபிளும் அச்சடிப்பவர் போன்றோர். பெரிய நிறுவனத்தின் மார்க்கெட்டிங் துறைக்கு வேறு கணக்கு.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். மென்பொருளின் வசதிப் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். நாளைக்கு அதை விட்டு வெளியே வரும்போது உங்கள் ஃபைலோடு என்னவெல்லாம் கூட வரும் என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

## முதலில் அளவுகோல்கள்

எழுதிய விவரம் ஃபைலுக்குள் போகிறதா? ஒரு படத்தைப் பற்றிய விவரத்தை, அதாவது சரக்கு எண், நிறம், துணி வகை, எடுத்தவர், யாருக்கு உரிமை என்பதை, இரண்டு இடங்களில் வைக்கலாம். மென்பொருளின் தரவுத்தளத்தில் வைக்கலாம். படத்தின் ஃபைலுக்குள்ளேயே எழுதியும் வைக்கலாம். ஃபைலுக்குள் எழுத ஐபிடிசி என்ற தரம் இருக்கிறது. அடோபி 2001-இல் கொண்டுவந்த எக்ஸ்எம்பி என்ற முறையும் இருக்கிறது. இவற்றில் எழுதிய குறிச்சொல்லைப் பெரும்பாலான படமென்பொருள்கள் படித்துக்கொள்ளும். தரவுத்தளத்தில் மட்டும் இருக்கும் குறிச்சொல் அந்த மென்பொருளோடு நின்றுவிடும்.

கூகுளின் படத் தொகுப்பு மென்பொருளான பிகாசாவைப் பயன்படுத்தியவர்களுக்கு இது புரியும். கூகுள் அதை 2016 மார்ச்சில் நிறுத்தியது. ஜேபெக் ஃபைலுக்குள் எழுதப்பட்டிருந்த தலைப்பும் குறிச்சொல்லும் தப்பின. ஆனால் ஆல்பம் ஆல்பமாகப் பிரித்து வைத்த அடுக்கு பிகாசாவின் சொந்தத் தரவுத்தளத்தில் இருந்ததால், வேறு மென்பொருளுக்கு அப்படியே வரவில்லை. படங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தும், பிரித்து வைத்த உழைப்பு போய்விட்டது.

கணக்கு யார் பேரில்? டிசைனரின் சொந்த ஜிமெயில், முதலாளி மகனின் கார்டு, முன்பு வேலை பார்த்தவரின் போன் நம்பர். இந்த மூன்றில் எது இருந்தாலும் எந்த மென்பொருளும் உங்களுடையது இல்லை.

தேடுவது யார், எப்படித் தட்டச்சு செய்வார்? தமிழ்நாட்டு நிறுவனங்களுக்கு இது பெரிய விஷயம். ஒருவர் 'பட்டு' என்று தமிழில் அடிப்பார். இன்னொருவர் அதையே ஆங்கில எழுத்தில் ஒரு 'டி' போட்டு அடிப்பார். மூன்றாமவர் இரண்டு 'டி' போட்டு அடிப்பார். நான்காமவர் 'சில்க்' என்பார். தேடல் வசதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் நால்வருக்கும் நான்கு விடை வரும். அதனால் மென்பொருள் வாங்குவதற்கு முன்பே, அனுமதிக்கப்பட்ட குறிச்சொற்களை ஒரு பக்கத்தில் எழுதி, இதைத் தவிர வேறு எழுதக்கூடாது என்று முடிவுசெய்துகொள்ள வேண்டும். அந்தப் பட்டியலில் இருந்து மட்டுமே தேர்ந்தெடுக்கும்படி கட்டாயப்படுத்தும் மென்பொருள் கூடுதல் மதிப்பெண் பெறும்.

அச்சகங்களுக்கு இன்னொரு சிக்கல். பழைய டிடிபி வேலைகள் பாமினி, வானவில் போன்ற யூனிகோட் அல்லாத எழுத்துருக்களில் இருக்கும். அந்த பிடிஎஃப்பில் கண்ணுக்குத் தமிழ் தெரியும். மென்பொருளுக்கு அது பொருளில்லாத ரோமன் எழுத்துக் குவியல். 'பிடிஎஃப்புக்குள்ளேயும் தேடும்' என்று விற்பனையாளர் சொல்வது இந்த ஃபைல்களுக்குப் பொருந்தாது. கோரல்டிராவும் அப்படித்தான். நம் ஊர் அச்சுத் தொழிலில் பாதி உயிர் சிடிஆர் ஃபைலில் இருக்கிறது. கூகுள் டிரைவோ, படங்களைப் பார்த்து அடுக்க உதவும் அடோபி பிரிட்ஜோ அதைத் திறந்து முன்னோட்டம் காட்டாது. ஒவ்வொரு சிடிஆருக்கும் பக்கத்தில் அதே பெயரில் ஒரு ஜேபெக் போட்டு வைப்பதுதான் எல்லா வழிகளிலும் செல்லுபடியாகும் தீர்வு.

வெளியே எப்படிக் கொடுக்கிறீர்கள்? அமேசானின் முதன்மைப் படத்துக்குச் சுத்தமான வெள்ளைப் பின்னணி வேண்டும். பொருள் சட்டத்தின் 85 சதவீதத்தை நிரப்ப வேண்டும். பெரிதாக்கிப் பார்க்கும் வசதிக்கு நீளமான பக்கம் 1000 பிக்சலாவது இருக்க வேண்டும். அச்சகம் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கேட்கும். இன்ஸ்டாகிராமுக்கு 1080 பிக்சல் அகலம் போதும். ஒரே படத்தை நான்கு அளவில் கொடுக்கும் வேலையை யார் செய்கிறார்கள்? அது வாரம் ஒரு மணி நேரமா, தினம் ஒரு மணி நேரமா? சந்தா மென்பொருளுக்குப் பணம் கட்டலாமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த ஒரு கேள்விதான்.

உரிமையும் காலாவதியும். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர் என்று 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் ஏற்கெனவே இருக்கும் ஒரு படைப்பின் உரிமையை எழுதி வாங்கும்போது கால அளவைக் குறிப்பிடாமல் விட்டால், 19-ஆம் பிரிவின்படி அது 5 ஆண்டு என்றுதான் கொள்ளப்படும். மாடலோடு போட்ட ஒப்பந்தம் ஓராண்டுக்கு மட்டும் என்று இருக்கலாம். எந்தப் படத்தை எதுவரை பயன்படுத்தலாம் என்பது படத்தோடு ஒட்டியிருந்தால்தான், புதிதாகச் சேர்ந்த பையன் பழைய படத்தை எடுத்து விளம்பரத்தில் போடாமல் இருப்பார்.

முழுச் செலவு. சந்தா தொகை கண்ணில் படும். கண்ணில் படாதது உள்ளே ஏற்றும் உழைப்பு. 10,000 படங்களுக்கு, ஒன்றுக்கு 30 வினாடி வீதம் குறிச்சொல் போட்டால் 83 மணி நேரம் ஆகும். ஒருவருக்குப் பத்து நாள் முழு வேலை. 1 டெராபைட்டை நொடிக்கு 50 மெகாபிட் அப்லோடு வேகத்தில் ஏற்ற, இடைவிடாமல் ஓடினாலும் 44 மணி நேரம் பிடிக்கும். இந்த இரண்டையும் எந்த விலைப்பட்டியலிலும் பார்க்க முடியாது.

## வழி 1: வாட்ஸ்அப்பும் ஹார்ட் டிஸ்கும்

பெரும்பாலானோர் இப்போது இருக்கும் இடம். செலவு இல்லை, யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கும். உள்ளே எழுதிய ஐபிடிசி விவரமும் அழிந்துவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் இரண்டும் தப்பும். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் அலுவலகத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள். அதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம்.

ஒரே ஹார்ட் டிஸ்கில் எல்லாம் இருப்பது ஆபத்து என்பது தெரிந்ததே. ஒருவரே எல்லாவற்றையும் செய்யும் கடையில், இரண்டு டிஸ்க் வாங்கி ஒன்றை வீட்டில் வைத்தால், இந்த வழி இன்னும் சில காலம் ஓடும்.

## வழி 2: கூகுள் டிரைவ் போன்ற பொதுச் சேமிப்பு

பெரும்பாலான சிறு நிறுவனங்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம் என்பது என் கருத்து. ஆனால் சரியான வகைக் கணக்கோடு.

இலவச ஜிமெயில் கணக்கில் 15 ஜிபி. அதையும் மெயில், டிரைவ், கூகுள் போட்டோஸ் மூன்றும் பகிர்ந்துகொள்கின்றன. 24 மெகாபிக்சல் கேமராவின் ரா ஃபைல் (ஜேபெக் ஆக்காத மூலப் பதிவு) ஒன்று ஏறக்குறைய 25 முதல் 30 எம்பி. ஒரு ஷூட்டில் 400 படம் எடுத்தால் 10 ஜிபிக்கு மேல். அதாவது, ஒரே ஷூட்டில் இலவச இடத்தின் பெரும்பகுதி போய்விடும்.

இடத்தைவிடப் பெரிய பிரச்சினை உரிமை. சாதாரண டிரைவில் ஃபைல் அதை ஏற்றியவருக்குச் சொந்தம். டிசைனர் தன் ஜிமெயிலில் ஏற்றி உங்களுக்குப் பகிர்ந்தால், நீங்கள் விருந்தாளிதான். அவர் வேலையை விட்டுப் போய், அந்தக் கணக்கை இரண்டு ஆண்டு திறக்காமல் விட்டால் கூகுளே அதை அழிக்கலாம். செயல்படாத தனிநபர் கணக்குகளுக்கான இந்த விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யாமலேயே நிறுவனத்தின் படங்கள் காணாமல் போகும் வழி இது.

இதற்குத் தீர்வு, நிறுவனங்களுக்காகக் கூகுள் தரும், கட்டணம் செலுத்தும் வொர்க்ஸ்பேஸ் கணக்கில் கிடைக்கும் 'ஷேர்டு டிரைவ்'. அதில் போடும் ஃபைல் நிறுவனத்துக்குச் சொந்தம். ஆள் போனாலும் ஃபைல் இருக்கும். பிசினஸ் ஸ்டாண்டர்டு திட்டத்தில் இது உண்டு. ஒரு பயனருக்கு 2 டெராபைட் வீதம் பொதுவில் சேரும். ஷேர்டு டிரைவ் இல்லாத கணக்கில் நிறுவனப் படங்களை வைக்காதீர்கள் என்றே சொல்வேன்.

தேடலைப் பொறுத்தவரை டிரைவ் ஃபைல் பெயரைத் தேடும். படத்தில் இருக்கும் எழுத்தையும் ஓரளவு படிக்கும். ஒவ்வொரு ஃபைலுக்கும் விவரக்குறிப்பு எழுத ஓர் இடம் உண்டு; அதையும் தேடும். ஆனால் அந்தக் குறிப்பு டிரைவிலேயே தங்கிவிடும். படத்தை இறக்கும்போது கூட வராது. அதனால் இந்த வழியை எடுப்பவர்கள் தங்கள் விவரத்தையெல்லாம் ஃபைல் பெயரில் வைப்பது நல்லது: சரக்கு எண், நிறம், கோணம், தேதி, இதே வரிசையில். பெயர் எங்கே போனாலும் கூடவே போகும்.

இன்னொன்று கவனியுங்கள். டிரைவில் படத்தின் மேல் புதிய பதிப்பை ஏற்றினால் பழையது 30 நாள் வரை அல்லது 100 பதிப்பு வரைதான் இருக்கும். நிரந்தரமாக வைக்கச் சொல்லிக் குறிக்காவிட்டால் அப்புறம் போய்விடும். லேபிள் டிசைனின் பழைய பதிப்பு ஓராண்டு கழித்துத் தேவைப்படும் தொழில்களுக்கு இது போதாது. பதிப்புகளைத் தனித்தனி ஃபைலாகவே வையுங்கள்.

எப்போது இது சிறந்தது: ஆட்கள் 10-க்குள், படங்கள் சில ஆயிரம், வெளியே கொடுக்கும் வேலை குறைவு. எப்போது திணறும்: கடைக்காரர்கள், டீலர்கள், ஏஜென்சி என்று வெளியாட்கள் தினமும் படம் கேட்கத் தொடங்கும்போது.

## வழி 3: கணினியில் ஒரு கேட்லாக் மென்பொருள்

ஒருவரோ இருவரோ மட்டும் படங்களைக் கையாளும் இடத்தில் இந்த வழியைப் பலர் யோசிப்பதே இல்லை. அது எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் முதல் அளவுகோலில் அதிக மதிப்பெண் வாங்குவது இதுதான்.

அடோபி பிரிட்ஜை இலவச அடோபி கணக்கோடு பயன்படுத்தலாம். தனித் தரவுத்தளத்தில் எதையும் பூட்டி வைப்பதில்லை. இருக்கும் ஃபோல்டரை அப்படியே காட்டும். குறிச்சொல்லை ஃபைலுக்குள்ளேயே எழுதும். ரா ஃபைல் என்றால் பக்கத்தில் ஒரு சிறிய எக்ஸ்எம்பி ஃபைலாக வைக்கும். ஆயிரம் படத்தை ஒரே நேரத்தில் தேர்ந்து பெயர் மாற்றும் வசதி ஒன்றுக்காகவே நிறுவலாம்.

கேடிஈ என்ற தன்னார்வ மென்பொருள் குழுவினரின் டிஜிகேம் முழுக்கத் திறமூலம் (ஓப்பன் சோர்ஸ்), செலவு இல்லை. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். தேடலுக்குத் தரவுத்தளமும் உண்டு. விவரத்தை ஃபைலுக்குள் எழுதவும் செய்யும். அமைப்புகளில் மெட்டாடேட்டா (படத்தைப் பற்றிய விவரம்) பக்கத்துக்குப் போய், ஃபைலுக்குள் எழுதும் தேர்வுகள் இயங்குகின்றனவா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். அடோபியின் படத் திருத்த மென்பொருளான லைட்ரூம் கிளாசிக் வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். மாற்றங்களை எக்ஸ்எம்பியில் தானாக எழுதும் தேர்வு அதில் தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். பல ஆண்டு போட்ட குறிச்சொல் முழுவதும் கேட்லாக் ஃபைலுக்குள் மட்டும் இருந்து, அது கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

குறை வெளிப்படையானது. இவை ஒருவர் உட்கார்ந்து வேலை செய்வதற்கானவை. லைட்ரூம் கிளாசிக்கின் கேட்லாக்கை நெட்வொர்க் டிரைவில் வைத்துத் திறக்க முடியாது. டிஜிகேமையும் ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்த உருவாக்கவில்லை. வெளியாளுக்குப் பகிர வேறு வழி தேட வேண்டும்.

## வழி 4: ஆபீசிலேயே ஒரு நாஸ்

நெட்வொர்க்கில் இணைத்து வைக்கும் சேமிப்புப் பெட்டி. வீடியோ அதிகம் எடுப்பவர்களுக்கு இதற்கு இணை இல்லை. நொடிக்கு 100 மெகாபிட்டில் பதிவாகும் 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி வரும். அதை ஒவ்வொரு முறையும் இணையத்திலிருந்து இறக்கி எடிட் செய்ய முடியாது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையை உடைத்தாக வேண்டும். இரண்டு டிஸ்க் போட்டு, இரண்டிலும் ஒரே தரவை எழுதும் ரெய்டு 1 அமைத்தால் அது பேக்கப் ஆகாது. ஒரு டிஸ்க் கெட்டால் மற்றது காப்பாற்றும், அவ்வளவுதான். ஒருவர் தவறுதலாக ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அதே நொடியில் அழியும். வைரஸ் பூட்டினால் இரண்டும் பூட்டப்படும். 2021 ஏப்ரலில் கியூலாக்கர், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்று இரண்டு பணப்பறிப்புத் தாக்குதல்கள், இணையத்துக்கு நேராகத் திறந்து வைக்கப்பட்டிருந்த கியூநாப் நிறுவன நாஸ் பெட்டிகளைக் குறிவைத்தன. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகள் பலவற்றில் தரவு ஒரே நாளில் துடைக்கப்பட்டது. வீட்டிலிருந்தும் பார்க்க வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் போர்ட்டை (வெளியிலிருந்து நேராக உள்ளே வரும் வாசலை) திறந்துவிட்டுப் போகும் டெக்னீஷியனை அனுமதிக்காதீர்கள். விபிஎன் என்ற பாதுகாப்பான தனிப்பாதை வழியாக மட்டும் வரச் சொல்லுங்கள்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில் என்ற 3-2-1 விதியைக் கடைப்பிடிக்க, நாஸ் விலையோடு இன்னொரு வெளி டிஸ்க், வேறிடப் பிரதிக்கான மேகச் சேமிப்புச் சந்தா, மின்சாரம் திடீரென நின்றால் பெட்டி ஒழுங்காக அணைய ஒரு யுபிஎஸ் எல்லாம் சேரும். சில ஆண்டுகளில் டிஸ்க் மாற்றும் செலவும் வரும். ஒருமுறைச் செலவு என்று நினைத்து வாங்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

நாஸ் வெறும் இடம்தான். தேடலுக்கு வழி 3-இல் சொன்ன பிரிட்ஜை அதன் மேல் வைத்தால், படங்களை உள்ளேயே கையாளும் 5 பேர் ஸ்டுடியோவுக்கு இது நல்ல இணை.

## வழி 5: திறமூல டிஏஎம், சொந்த சர்வரில்

ரிசோர்ஸ்ஸ்பேஸ் இதில் முக்கியமானது. ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனத்தின் தேவைக்காகத் தொடங்கி, பின்பு எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட மென்பொருள். பயனர் குழு, அனுமதி, நிலையான குறிச்சொல் பட்டியல், காலாவதியாகும் பகிர்வு லிங்க், வேண்டிய அளவில் இறக்கம் என்று ஒரு டிஏஎம்முக்குரிய எல்லாமே இருக்கின்றன. உரிமக் கட்டணம் இல்லை; எத்தனை பயனர் வேண்டுமானாலும் சேர்க்கலாம்.

செலவு வேறு இடத்தில் வரும். பிஎச்பி, மைஎஸ்கியூஎல், இமேஜ்மேஜிக், எக்ஸிஃப்டூல், எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருள்கள் எல்லாம் சேர்ந்து ஓடும் லினக்ஸ் சர்வர் வேண்டும். நிறுவுவதோடு முடியாது, பாதுகாப்புப் புதுப்பிப்பு, பேக்கப், டிஸ்க் நிரம்பும் எச்சரிக்கை இவற்றை யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அண்ணன் மகன் கல்லூரி விடுமுறையில் நிறுவித் தரலாம். அவர் வேலைக்குப் பெங்களூர் போன பிறகு யார் பார்ப்பார்கள் என்பதற்குப் பெயரோடு விடை இருந்தால் மட்டும் இந்த வழிக்கு வாருங்கள்.

தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு நுணுக்கங்கள். ஒன்று, நீங்கள் ஏற்றும் ஃபைலை அது தன் சொந்த ஃபோல்டர் அமைப்பில், குழப்பமான பெயர்களில் வைக்கும். சர்வருக்குள் போய்ப் பார்த்தால் உங்கள் ஃபோல்டர் அடுக்கு தெரியாது. இருக்கும் ஃபோல்டரைக் கலைக்காமல் படித்துக்கொள்ள ஸ்டாட்டிக்சிங்க் என்ற வழி இருக்கிறது. பழைய சேகரிப்பு பெரிதாக இருந்தால் அதை முதலில் பாருங்கள். இரண்டு, படத்தை இறக்கும்போது விவரத்தை ஃபைலுக்குள் எழுதித்தர, அதற்கான கருவியான எக்ஸிஃப்டூலைப் பயன்படுத்தும்படி அமைக்கலாம். அதைச் செய்தால் முதல் அளவுகோலில் முழு மதிப்பெண்.

பராமரிக்க ஆள் இல்லாவிட்டால், உருவாக்கியவர்களே சர்வரில் நடத்தித் தரும் கட்டணச் சேவையும் உண்டு. அப்போது அது அடுத்த வழியின் கணக்குக்கு வந்துவிடும்.

## வழி 6: மாதச் சந்தா டிஏஎம்

இந்தச் சந்தை இரண்டு அடுக்காக இருக்கிறது. பைண்டர், கேன்டோ, பிராண்ட்ஃபோல்டர் ஆகியவை மேல் அடுக்கு. விலையை வெளிப்படையாகப் போடாமல், பேசித்தான் சொல்வார்கள். 25 பேர் நிறுவனத்துக்கு இவை தேவைப்படும் சூழல் மிக அரிது. கீழ் அடுக்கில் ஃபைல்கேம்ப், டேஷ், பிக்ஸ்.ஐஓ போன்றவை. பிக்ஸ்.ஐஓ உங்கள் கூகுள் டிரைவின் மேலேயே உட்காரும் என்பதால், வழி 2-இல் இருப்பவர்கள் ஃபைல்களை வேறு இடத்துக்கு மாற்றாமலே முயன்று பார்க்கலாம். இந்தியாவில் தொடங்கிய இமேஜ்கிட், இஸ்ரேலில் தொடங்கிய கிளவுடினரி இரண்டும் சொந்த இணையக் கடை நடத்துபவர்களுக்கானவை. ஒரு படத்தை ஏற்றினால் போதும், கடைப் பக்கத்துக்கு வேண்டிய அளவுகளைக் கேட்கும்போதே செய்து தரும்.

பலம் எங்கே? வெளியே கொடுப்பதில்தான். 60 டீலருக்கு ஒரு போர்ட்டல் லிங்க் கொடுத்து, "வேண்டியதை நீங்களே எடுத்துக்கோங்க" என்று விட்டுவிடலாம். காலாவதியான படம் தானாக மறையும். யார் எதை இறக்கினார் என்று தெரியும். தினம் ஒரு மணி நேரம் படம் தேடி அனுப்புவதில் ஒருவர் செலவிடுகிறார் என்றால், சந்தாவுக்கான நியாயம் அங்கேயே கிடைத்துவிடும்.

தானியங்கிக் குறிச்சொல் வசதியைப் பார்த்து மயங்க வேண்டாம். சிவப்பு, சேலை, பெண், துணி என்று சொல்லும். கோர்வையா இல்லையா, சுங்குடியா, கண்டாங்கியா என்பதை அதை நம்பி விட முடியாது. வாடிக்கையாளர் கேட்பதோ அதைத்தான். குறிச்சொல் போடும் அந்த 83 மணி நேரம் முழுவதும் மிச்சமாகும் என்று கணக்குப் போடாதீர்கள்.

இனி மறைந்திருக்கும் செலவு. வெளிநாட்டு நிறுவனத்துக்கு டாலரில் கட்டினால், கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணம் தனி. ஜிஎஸ்டி பதிவு உள்ள நிறுவனம், இறக்குமதிச் சேவைக்கு 18 சதவீத வரியை ரிவர்ஸ் சார்ஜ் முறையில் தானே கட்ட வேண்டும். உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றாலும் முதலில் கையிலிருந்து பணம் போக வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது திரும்பவும் வராது. ஆடிட்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் கூடுதல் ஒப்புதல் விதியை நடைமுறைப்படுத்தியிருக்கிறது. அதனால் வெளிநாட்டுச் சந்தாக்கள் புதுப்பிக்கும் நேரத்தில் நிராகரிக்கப்படுவது உண்டு. அது நடந்து, யாரும் கவனிக்காத மெயிலுக்கு எச்சரிக்கை போனால், பண்டிகை நேரத்தில் கணக்கு முடங்கும். ஆண்டுச் சந்தாவாகக் கட்டுவது பாதுகாப்பு.

பயனர் எண்ணிக்கைக்கு விலையா, சேமிப்பு அளவுக்கு விலையா என்பதையும் பாருங்கள். ஆள் அதிகம், படம் குறைவு என்றால் ஃபைல்கேம்ப் போல எத்தனை பயனர் சேர்ந்தாலும் விலை கூடாதது லாபம். வீடியோ அதிகம் என்றால் சேமிப்பு விலைதான் உங்களை முழுங்கும்.

எதை எடுத்தாலும் இலவசச் சோதனைக் காலத்தில் இதைச் செய்யுங்கள். 50 படம் ஏற்றி, தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாகக் குறிச்சொல் போடுங்கள். தமிழில் தேடிப் பாருங்கள். அப்புறம் எல்லாவற்றையும் மொத்தமாக இறக்கி, அடோபி பிரிட்ஜில் திறந்து, குறிச்சொல் படத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால், மொத்த விவரத்தையும் சிஎஸ்வி ஃபைலாகவாவது (எக்செலில் திறக்கும் பட்டியல்) கொடுப்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டும் இல்லாத சேவை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | விவரம் கூடவே வருமா | பலர் சேர்ந்து தேட | வெளியாளுக்குக் கொடுக்க | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|
| வாட்ஸ்அப் + டிஸ்க் | படமாக அனுப்பினால் அழியும் | முடியாது | எளிது, தரம் போகும் | இழப்பு |
| கூகுள் டிரைவ் | டிரைவில் எழுதிய குறிப்பு வராது; ஃபைல் பெயர் வரும் | நன்று | ஓரளவு | ஆள் கூடினால் கட்டணம் கூடும் |
| பிரிட்ஜ், டிஜிகேம் | முழுமையாக | இல்லை | இல்லை | பேக்கப் உங்கள் பொறுப்பு |
| நாஸ் | மேலே வைக்கும் மென்பொருளைப் பொறுத்தது | ஆபீசுக்குள் நன்று | ஆபத்தோடுதான் | வேறிடப் பிரதி, யுபிஎஸ், டிஸ்க் |
| ரிசோர்ஸ்ஸ்பேஸ் | அமைத்தால் முழுமையாக | மிக நன்று | மிக நன்று | பராமரிக்கும் ஆள் |
| சந்தா டிஏஎம் | சேவைக்குச் சேவை மாறும், சோதிக்க | மிக நன்று | மிகச் சிறப்பு | வரி, செலாவணி, ஏற்றும் உழைப்பு |

## யாருக்கு எது

வீட்டிலிருந்து சேலை விற்பவர், உதவிக்கு ஒருவர்: பிரிட்ஜ் அல்லது டிஜிகேமில் விவரம் எழுதி, வொர்க்ஸ்பேஸ் ஷேர்டு டிரைவில் பிரதி வையுங்கள். அந்தச் சந்தா இப்போது கட்டுப்படியாகாது என்றால், நிறுவனப் பெயரில் திறந்த ஒரே கணக்கில் மட்டும் ஏற்றி, கடவுச்சொல்லை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சந்தா டிஏஎம் வேண்டாம்.

சிவகாசி போன்ற அச்சகம், சிடிஆரும் பிடிஎஃப்பும் டெராபைட் கணக்கில்: நாஸ், அதோடு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஜேபெக் முன்னோட்டம். ஃபைல் பெயரில் வாடிக்கையாளர் எண், ஆண்டு, வேலை எண். பழைய எழுத்துருக்களையும் அதே நாஸில் ஒரு ஃபோல்டரில் பத்திரப்படுத்துங்கள். எழுத்துரு இல்லாத பழைய ஃபைலைத் திறந்தாலும் பயனில்லை. இந்தத் தொழிலுக்குச் சந்தா டிஏஎம் கிட்டத்தட்டப் பொருந்தவே பொருந்தாது.

15 பேர், 40 டீலர், அமேசானும் சொந்தக் கடையும் உள்ள பனியன் பிராண்ட்: இங்கேதான் சந்தா டிஏஎம்முக்கு இடம். நம்பகமான ஐடி ஆள் மாதச் சம்பளத்தில் ஏற்கெனவே இருந்தால் ரிசோர்ஸ்ஸ்பேஸ். இல்லாவிட்டால் கீழ் அடுக்குச் சேவைகளில் இரண்டைச் சோதித்து ஒன்றை எடுங்கள். பழைய 10,000 படத்தையும் ஏற்ற வேண்டாம். இந்த ஆண்டு விற்பனையில் இருக்கும் சரக்கின் படங்களை மட்டும் முதலில் ஏற்றுங்கள். பழையதை யாராவது கேட்கும்போது, கேட்டதை மட்டும் ஏற்றினால் போதும்.

கல்யாண ஸ்டுடியோ: நாஸ், டிஜிகேம் அல்லது லைட்ரூம், வேறு இடத்தில் ஒரு பிரதி. வாடிக்கையாளருக்குக் கொடுக்க ஒரு கேலரிச் சேவை தனியாக எடுத்துக்கொள்ளலாம். எத்தனை ஆண்டு ஃபைலை வைத்திருப்பீர்கள் என்பதை ரசீதிலேயே அச்சிட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் டிஸ்க் செலவுக்கு முடிவே இருக்காது.

எந்த வழிக்குப் போனாலும், கணக்கைத் திறக்கும் மெயில் நிறுவனத்தின் சொந்த டொமைனில் இருக்கட்டும். அந்த மெயிலின் கடவுச்சொல்லும் மீட்பு போன் எண்ணும் முதலாளியிடமும் இன்னொருவரிடமும் இருக்கட்டும். புதுப்பிக்கும் தேதியை இருவரும் தங்கள் காலண்டரில் குறித்துக்கொள்ளட்டும்.